முதல் தடவ கண்ணாடி ஊதப் போறீங்களா? போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிக்கலாம்

நான் இருக்குறது சியாட்டில் பக்கம். இங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் பர்த்டே, கல்யாண நாள், ஊர்லருந்து அப்பா அம்மா வந்திருக்காங்கன்னு ஏதாவது ஒரு சாக்குல கண்ணாடி ஊதுற கிளாஸ் ஒன்னு புக் பண்ணிட்டுப் போறாங்க, போயிட்டு வந்து "எல்லாம் அவங்களே பண்ணிட்டாங்க, நாங்க சும்மா ரெண்டு தடவ ஊதுனோம், போட்டோ எடுத்தோம், அவ்ளோதான்"னு சொல்றாங்க. அதக் கேக்குறப்ப எனக்கு மனசு கஷ்டமாயிடும், ஏன்னா எனக்கு அந்த முதல் கிளாஸ் அப்படி இல்ல, வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கமே வரல, கண்ண மூடுனா அந்த ஆரஞ்சு உருண்டை சுத்திக்கிட்டே இருந்துச்சு. என்ன வித்தியாசம்னு யோசிச்சா பெருசா ஒன்னும் இல்ல, சரியான கிளாஸா பாத்து எடுக்குறது, போறதுக்கு முன்னாடி கைய கொஞ்சம் பழக்கிக்கிறது, அங்க போனப்புறம் எத கவனிக்கணும்னு தெரிஞ்சிருக்குறது, இவ்ளோதான். அததான் எழுதுறேன்.

முதல்ல ஒன்னு சொல்லிடறேன். பேருதான் கண்ணாடி ஊதுறது, ஆனா ஊதுறது அதுல கால்வாசி வேலை கூட கிடையாது. சுத்துறதுதான் வேலை. உருகுன கண்ணாடி தேன் மாதிரி, அது ஒட்டிக்கிட்டு இருக்குற கம்பிய (ஊதுறதுக்கு நடுவுல ஓட்டை இருக்குற நீளமான ஸ்டீல் குழாய், கம்பின்னே சொல்றேன்) ஒரு ரெண்டு செகண்ட் சுத்தாம வெச்சீங்கன்னா கீழ தொங்க ஆரம்பிச்சிடும். அதனால ஃபர்னஸ்லருந்து, அதாவது கண்ணாடி உருகிக் கெடக்குற உலைலருந்து, எடுத்த நிமிஷத்துலருந்து கடைசில கம்பிய விட்டுப் பிரியிற வரைக்கும் கை சுத்திக்கிட்டே இருக்கணும், நடக்குறப்பவும் பேசுறப்பவும் ஒக்காரப் போறப்பவும். இது மட்டும் மனசுல நின்னுச்சுன்னா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும்.

கிளாஸ் புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் சும்மா வேடிக்க பாருங்க. சியாட்டில் சுத்துவட்டாரத்துல இருந்தா டகோமால இருக்குற மியூசியம் ஆஃப் கிளாஸ் போயிடுங்க, 2002ல தொறந்தது, 90 அடி உயரத்துக்கு சாய்ஞ்ச மாதிரி ஒரு ஸ்டீல் கூம்பு தூரத்துலருந்தே தெரியும், அதுக்குள்ளதான் ஹாட் ஷாப், அதாவது கண்ணாடி ஊதுற பட்டறை. கேலரில படியில ஒக்காந்து எவ்ளோ நேரம் வேணா பாக்கலாம், ஒருத்தர் மைக்ல என்ன நடக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. குட்டிப் பசங்க வரைஞ்ச படத்த அப்படியே கண்ணாடில செஞ்சு காட்டுற ஒரு ப்ரோக்ராம் கூட அங்க உண்டு, பசங்களக் கூட்டிட்டுப் போனா அவங்க நகரவே மாட்டாங்க. நியூயார்க் மாநிலத்துப் பக்கம்னா கார்னிங் ஊர்ல இருக்குற கண்ணாடி மியூசியம், அங்கயும் டெமோ உண்டு, நீங்களே செய்யுற கிளாஸும் உண்டு. பாக்குறப்ப நெருப்பப் பாக்காதீங்க, எல்லாரும் நெருப்பதான் பாப்பாங்க. ஊதுறவரோட இடது கையப் பாருங்க. அது ஒரு நிமிஷம் நிக்குதான்னு பாருங்க.

இன்னொன்னும் பாருங்க, யாருமே தனியா செய்ய மாட்டாங்க. பெஞ்சுல ஒருத்தர், கதவு தொறக்க ஒருத்தர், ஊத ஒருத்தர், சின்னக் கம்பில சூடு கண்ணாடி கொண்டு வர இன்னொருத்தர். கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹுலி பேரு கேள்விப்பட்டிருப்பீங்க, சியாட்டில்ல ஸ்பேஸ் நீடில் கோபுரம் பக்கத்துல அவரோட கண்ணாடித் தோட்டம் இருக்கே, அவர் டகோமாக்காரர்தான். 1976ல ஒரு கார் விபத்துல இடது கண் பார்வை போச்சு, அப்புறம் 1979ல தோள்பட்டை வேற நழுவிடுச்சு, அதுக்கப்புறம் அவர் கம்பிய கையில எடுக்குறதில்ல, வரைஞ்சு குடுத்து பக்கத்துல நின்னு சொல்லிச் சொல்லி டீமை வெச்சே செய்ய வெச்சார். அவரும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 1971ல ஆரம்பிச்ச, கண்ணாடி வேலை கத்துத் தர்ற பில்சக் ஸ்கூல் இந்தப் பக்கம் காட்டுக்குள்ளதான் இருக்கு. 1979ல இத்தாலி முரானோ தீவுலருந்து லினோ டாலியாபியத்ராங்குற கண்ணாடி ஊதுற மாஸ்டர் அங்க வந்து, அவங்க ஊர்ல தலைமுறை தலைமுறையா வெளிய சொல்லாம வெச்சிருந்த வித்தைய இங்க இருக்குறவங்களுக்கு சொல்லிக் குடுத்தார். நீங்க போற சின்ன பட்டறைல உங்களுக்கு கம்பி புடிக்கக் கத்துத் தர்ற பொண்ணோ பையனோ அந்த வழியில எங்கயோ ஒரு கண்ணியா இருப்பாங்க. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாப் படும்.

சரி, புக்கிங். ஒரே பேருல மூணு வேற வேற சமாச்சாரம் விக்கிறாங்க, அங்கதான் பாதி பேர் ஏமாந்து போறாங்க. அரை மணி நேரத்துல ஒரு பொருள் செஞ்சு குடுக்குறது ஒன்னு, இதுல பெரும்பாலும் இன்ஸ்ட்ரக்டரே கண்ணாடி எடுத்து, அவரே சூடு காட்டி, உங்கள ஒரு டியூப்ல ஊத மட்டும் சொல்லுவார். குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் இது நல்லது, தப்பு சொல்லல. ஆனா உங்களுக்கு கைல உணர்ந்து பாக்கணும்னு ஆசை இருந்தா ரெண்டு மூணு மணி நேர பிகினர் கிளாஸ் பாத்து எடுங்க, அதுல குறைஞ்சது ரெண்டு மூணு பீஸ் செய்ய விடுவாங்க, முதல் பீஸ்ல பண்ண தப்ப ரெண்டாவதுல திருத்திக்கலாம், அந்த ரெண்டாவது பீஸ்லதான் உண்மையிலயே கத்துக்கிறது நடக்கும். மூணாவது வகை வாரா வாரம் போற கோர்ஸ், அது அப்புறம் பாத்துக்கலாம். போன் பண்ணியோ மெயில்லயோ இதக் கேட்டுடுங்க: ஃபர்னஸ்லருந்து கண்ணாடிய நானே எடுக்கலாமா, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பேர், எத்தன பீஸ் செய்வோம், கலருக்கு தனியா காசா. அப்புறம் இது ஃபர்னஸ் வேலையா இல்ல டார்ச் வேலையான்னும் கேளுங்க, ஏன்னா மேசை மேல டார்ச் வெச்சு கண்ணாடிக் குச்சிய உருக்கி பாசிமணி செய்யுறதுக்கும், துண்டு கண்ணாடிய அடுக்கி சூளைல வெச்சு ஒட்ட வைக்கிறதுக்கும் கூட கண்ணாடி கிளாஸ்னுதான் போட்டிருப்பாங்க. அதுவும் அழகான கலைதான், ஆனா நீங்க கம்பியில ஊதணும்னு நெனச்சுப் போய் அங்க மணி கோக்க விட்டா ஏமாத்தமா இருக்கும்.

இடது கைக்காரங்க கண்டிப்பா முன்னாடியே சொல்லணும். பெஞ்செல்லாம் வலது கைக்காரங்களுக்குன்னே செட் பண்ணது, இடது கை கம்பிய உருட்டும், வலது கை கருவி புடிக்கும். ஆஸ்துமா, கர்ப்பம், பிரஷர், இந்த மாதிரி எது இருந்தாலும் புக் பண்றப்பவே டாக்டர்கிட்டயும் பட்டறைலயும் கேட்டுக்கோங்க, அங்க சூடு சாதாரண சூடு கிடையாது.

விலை அதிகம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது அந்த ஃபர்னஸ லேசுல அணைக்க மாட்டாங்கன்னு. ராத்திரி, பண்டிகை நாள், யாரும் இல்லாத ஞாயித்துக்கிழமை, எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அணைச்சா திரும்ப மெதுவா சூடேத்த நாள் கணக்குல ஆகும், உள்ள கண்ணாடி இருக்குற அந்த மண் பாத்திரமே விரிசல் விட்டுடலாம். நீங்க குடுக்குற காசுல ஒரு பங்கு அந்த நெருப்புக்குதான் போகுது.

என்ன செய்யுறதுன்னு ஒரு லிஸ்ட் தருவாங்க. பேப்பர்வெயிட், தொங்க விடுற உருண்டை, டம்ளர், சின்ன பூ ஜாடி இப்படி. என் அபிப்பிராயம், முதல் பீஸ் பேப்பர்வெயிட் எடுங்க. அதுல ஊதுறதே இல்ல, அதனால யாருக்கும் புடிக்காது, ஆனா கண்ணாடி எப்ப இளகும் எப்ப இறுகும்னு கைக்கு தெரியுறது அதுலதான். ரெண்டாவது உருண்டை. ஒரிகான் கடற்கரையில லிங்கன் சிட்டின்னு ஒரு ஊர் இருக்கு, அங்க கையால ஊதுன கண்ணாடி உருண்டைங்கள பீச்சுல அங்கங்க வெச்சுட்டுப் போவாங்க, யார் கண்ணுல படுதோ அவங்களுக்கே சொந்தம், அந்த ஊர் பட்டறைங்கள்ல நீங்களே ஒரு உருண்டை ஊதவும் செய்யலாம். ஒரு காலத்துல ஜப்பான் மீனவங்க வலை மெதக்குறதுக்குக் கட்டுன கண்ணாடி உருண்டைங்க கடல் தாண்டி இந்தக் கரைல வந்து ஒதுங்குமாம், அந்த ஞாபகமாதான் இது. டம்ளர் மூணாவதா வெச்சுக்கோங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

டிரஸ் விஷயத்துல பிடிவாதமா இருங்க. காட்டன் மட்டும்தான். பாலியஸ்டர், நைலான், ஜிம்முக்குப் போடுற அந்த வழவழ துணி எதுவும் வேணாம், பொறி பட்டா துணி உருகி தோல்ல ஒட்டிக்கும். காட்டன் குர்தா பரவால்ல ஆனா துப்பட்டா, தொங்குற கை, லூஸான பலாஸோ எல்லாம் வேணாம், புடவை வேணவே வேணாம். ஜீன்ஸ், காட்டன் டீஷர்ட், மூடுன ஷூ, காட்டன் சாக்ஸ். செருப்பு போட்டுட்டுப் போனா உள்ளயே விட மாட்டாங்க. முடிய பின்னி மேல தூக்கிக் கட்டிடுங்க, பின்னல் முன்னாடி தொங்குறதும் ஆபத்துதான். வளையல், மோதிரம், நீளச் செயின் எல்லாம் வீட்டுலயே கழட்டி வெச்சுட்டுப் போங்க, ஃபர்னஸ் வாய் கிட்ட நின்னா உலோகம் சூடேறி தோல சுடும், தாலிச் செயின் கழட்ட மனசில்லைன்னா உள்ள விட்டு பட்டன் போட்டு மூடிக்கோங்க. வயித்துக்கு ஏதாவது சாப்ட்டுட்டுப் போங்க, பெரிய பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போய் நடுநடுவுல குடிச்சுக்கிட்டே இருங்க.

போறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலருந்து வீட்டுல ஒரு பயிற்சி. துடைப்பக் கட்டையோ மாப் கட்டையோ எடுத்து, ஒரு சேர்ல ஒக்காந்து, தொடை மேல குறுக்க வெச்சு இடது உள்ளங்கையால முன்னாடியும் பின்னாடியும் ஒரே வேகத்துல உருட்டுங்க. விரல் நுனிலருந்து மணிக்கட்டு வரைக்கும் போய்ட்டு திரும்பி வரணும், நடுவுல குலுங்கக் கூடாது. அது பழகுனப்புறம் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் புடிச்சு சுத்திக்கிட்டே ஹால்ல நடங்க. அடுத்தது, ஒரு சாப்ஸ்டிக்க தேன்ல முக்கி எடுத்து சுத்துங்க, சொட்டு கீழ விழாம உருண்டையா நிக்குதான்னு பாருங்க. வேகமா சுத்துனா பறக்கும், மெதுவா சுத்துனா வழியும், நடுவுல ஒரு வேகம் இருக்கு, அது கைக்கு கெடைச்சிடுச்சுன்னா கிளாஸ்ல பாதி நேரம் மிச்சம்.

நான் கிளாஸ் போனப்ப மதுரைலருந்து வந்திருந்த அம்மாவும் கூட வந்து பட்டறைல ஓரமா பெஞ்சுல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்ஸ்ட்ரக்டர் எனக்கு டெம்பரேச்சர் பத்தி ரொம்ப நேரம் வெளக்கிக்கிட்டு இருக்காரு, எனக்கு மண்டைக்குள்ள ஏறல, அம்மா அங்கருந்தே "ஏண்டி, இது அதிரசப் பாகு மாதிரில்ல இருக்கு, பதம் தாண்டுனா கல்லாயிடும், பதத்துக்கு முன்னாடின்னா ஓடிரும், நீ பதத்தப் பாரு"ன்னாங்க. அதான், அதேதான். வெல்லப் பாகு கம்பிப் பதத்துலருந்து உருட்டுப் பதம் போறத கண்ணால பாத்தே சொல்றவங்களுக்கு இந்த வேலை சட்டுன்னு புரியும். என்ன, பாகு சூடேற ஏற இறுகும், கண்ணாடி சூடு ஆற ஆற இறுகும், திரும்ப நெருப்புல காட்டுனா திரும்ப இளகும். அந்த ஒரு சலுகை நமக்கு உண்டு.

பட்டறைக்குள்ள போனதும் சூடு எங்கெங்க இருக்குன்னு முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. ஃபர்னஸ், அதுலதான் தெளிவான கண்ணாடி உருகிக் கெடக்கும், சுமார் 2100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 1150 செல்சியஸ் கிட்ட. மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான் அது, மணல் மட்டும்னா 1700 டிகிரி செல்சியஸ் தாண்டணும் உருக, சோடா சேக்குறதாலதான் இந்த சூட்டுலயே வழியுது. அடுத்தது குளோரி ஹோல், பீப்பா படுத்துக் கெடக்குற மாதிரி இருக்கும், ஃபர்னஸ விட சூடு, நடுநடுவுல பீஸ திரும்ப இளக வைக்கிற அடுப்பு. மூணாவது அனீலர், சாதுவா ஒரு பொட்டி மாதிரி மூலைல இருக்கும், உள்ள 900 டிகிரி ஃபாரன்ஹீட், செஞ்ச பொருள் போய் தூங்குற எடம். இந்த மூணுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல கம்பியத் தூக்கிட்டு ஆளுங்க நடந்துக்கிட்டே இருப்பாங்க, அந்த வழில நிக்காதீங்க, யாருக்காவது பின்னாடி போறீங்கன்னா சத்தமா சொல்லிட்டுப் போங்க.

தயவு செஞ்சு இத மறக்காதீங்க, செவப்பா இல்லாத கண்ணாடி ஆறிப்போன கண்ணாடி இல்ல. ஒளி அடங்குனப்புறமும் அது நானூறு டிகிரி செல்சியஸுக்கு மேல இருக்கலாம். தரைல ஒரு அழகான துண்டு கெடக்குதுன்னு குனிஞ்சு எடுக்கக் கூடாது, கம்பிலருந்து பீஸ் விழுந்தா கை தன்னால புடிக்கப் போகும், புடிக்கக் கூடாது, விழட்டும். பசங்களுக்கு இத வீட்டுலருந்து கெளம்புறப்பவே ரெண்டு தடவ சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

இப்ப கண்ணாடி எடுக்குறது. நாலு அஞ்சு அடி நீள ஸ்டீல் கம்பி, முனை மட்டும் முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருப்பாங்க. ஃபர்னஸ் கதவு தொறந்ததும் முகத்துல அடிக்குற சூட்டுல உடம்பு தானா பின்னாடி போகும், அது எல்லாருக்கும் வரும், ஒரு மூச்சு விட்டுட்டு பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க. கம்பி முனைய கண்ணாடி மேற்பரப்ப தொடுற அளவுக்கு மட்டும் எறக்கி, உடனே சுத்த ஆரம்பிச்சு, ரெண்டு மூணு சுத்து, தேன் பாட்டில்ல குச்சிய விட்டு சுத்தி எடுக்குற மாதிரியே, அப்படியே சுத்திக்கிட்டே மேல தூக்கி வெளிய. ஆழமா முக்குனா கம்பி மேல வரைக்கும் கண்ணாடி ஒட்டிக்கிட்டு வேலைக்கு ஆகாது. வெளிய வந்ததும் அதப் பாத்து மலைச்சுப் போய் நின்னுடுவீங்க, அவ்ளோ அழகா இருக்கும், உள்ளருந்து வெளிச்சம் வர்ற ஆரஞ்சுப் பழம் மாதிரி, ஆனா நிக்காதீங்க, சுத்துங்க.

கலர் எப்படி ஏறுதுன்னா, பொடிப் பொடியா ஒடைச்ச கலர் கண்ணாடி இருக்கும், ஃப்ரிட்ன்னு பேரு, ஜெர்மனிலருந்தும் நியூசிலாந்துலருந்தும் வர்றது நிறைய, அத ஒரு ஸ்டீல் மேசை மேல கொட்டி வெச்சு சூடான உருண்டைய அதுல உருட்டுனா ஒட்டிக்கும், அப்புறம் குளோரி ஹோல்ல காட்டுனா உருகி உள்ள எறங்கிடும். நீலம்னா கோபால்ட், ரூபி செவப்புன்னா உள்ள நெஜமாவே தங்கம் இருக்கும், மயில் கழுத்துப் பச்சைநீலம்னா செம்பு. சூடா இருக்குறப்ப எல்லாக் கலரும் ஒரே ஆரஞ்சாதான் தெரியும், "நான் நீலம்தானே கேட்டேன்"னு பயந்துடாதீங்க, மறுநாள்தான் முகம் காட்டும். முதல் தடவ ரெண்டு கலருக்கு மேல போகாதீங்க, அஞ்சாறு கலர் சேத்தா கலங்கிப் போயிடும். கலர் இல்லாம தெளிவா கொஞ்சம் எடம் விட்டு வெச்சா வெளிச்சம் உள்ள போய் வரும்.

இந்த எடத்துல ஒன்னு சொல்லணும்னு தோணுது. பேப்பர்வெயிட் கிளாஸ்ல சூடான உருண்டைய இடுக்கியால புடிச்சு இழுத்து முறுக்க விடுவாங்க, இழுத்தா மிட்டாய் மாதிரி நீண்டுக்கிட்டே வரும். புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி நம்ம ஆளுங்க பண்ணது இததான், உருகுன கண்ணாடிய நடுவுல ஓட்டையோட குழாயா நீளமா இழுத்து, ஆறுனதும் பொடிசு பொடிசா நறுக்கி மணியாக்கி கப்பல்ல அனுப்புனாங்க, அந்த வகை மணிங்க தென்கிழக்கு ஆசியா முழுக்க கெடைச்சிருக்கு. ஊதுற வித்தை சிரியா, பாலஸ்தீனக் கடற்கரைப் பக்கம் கிட்டத்தட்ட அதே காலத்துல வந்ததுதான். டகோமாவுல கண்ணாடிய இழுத்துக்கிட்டு நிக்குறப்ப எனக்கு அரிக்கமேடு ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு, காலேஜ் படிக்குறப்ப அங்க போயிருக்கேன், வெறும் செங்கல் சுவரும் மரமும்தான் இருக்கும், மழை பெஞ்சா மண்ணுல மணி கெடைக்கும்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க.

அப்புறம் வடிவம். தண்ணில ஊறப்போட்ட செர்ரி மரக் கரண்டி ஒன்னு இருக்கும், பிளாக்னு சொல்லுவாங்க, அதுக்குள்ள உருண்டைய வெச்சு சுத்துனா உருண்டையா வரும், நீராவி கெளம்புறதால மரத்துல ஒட்டாது. ஈரமான நியூஸ்பேப்பர மடிச்சு உள்ளங்கைல வெச்சு அதுமேல சூடு கண்ணாடிய உருட்டுறதும் உண்டு, ஆயிரம் டிகிரி பொருளுக்கும் உங்க கைக்கும் நடுவுல வெறும் ஈரப் பேப்பர். நம்ப முடியாது, ஆனா கைக்கு வட்டம் நேரடியாத் தெரியும். உங்களச் செஞ்சு பாக்கச் சொன்னா தவறவே விடாதீங்க.

ஊதுறப்ப நுரையீரல்லருந்து பலமா ஊதத் தேவையில்ல, கன்னத்த உப்பி பலூனுக்கு முதல் காத்து விடுற மாதிரி ஒரு சின்ன அழுத்தம், உடனே கம்பி வாய கட்டை விரலால மூடிடணும். உள்ள மாட்டுன காத்து சூட்டுல விரிஞ்சு தானாவே ஒரு குமிழி எழும்பும். அது முதல் தடவ தெரியுறப்ப சத்தம் போட்டுடுவீங்க. இப்ப நெறைய எடத்துல கம்பியோட ரப்பர் டியூப் மாட்டி ஆளுக்கொரு வாய்த்துண்டு குடுக்குறாங்க, அதுல நீங்க ஊதுவீங்க, இன்ஸ்ட்ரக்டர் பெஞ்சுல சுத்துவார். "ஊது" "நிறுத்து"ன்னு சொன்ன அந்த நொடி கேக்கணும், ஒரு செகண்ட் கூட ஊதுனா சுவர் மெலிஞ்சு போயிடும். எக்காரணம் கொண்டும் மூச்ச உள்ள இழுக்காதீங்க, மூச்சு எடுக்கணும்னா வாய எடுத்துட்டு எடுங்க. ஒரு சின்ன வேண்டுகோள் வைங்க, "ரெண்டாவது பீஸ்ல நான் பெஞ்சுல ஒக்காந்து சுத்துறேன், நீங்க ஊதுங்க"ன்னு. நல்ல இன்ஸ்ட்ரக்டர்னா முகம் மலரும்.

டம்ளர் ஏன் கடைசின்னு சொன்னேன்ல. உருண்டைன்னா கழுத்துல ஜாக்ஸ்ங்குற பெரிய இடுக்கியால ஒரு பள்ளம் போட்டு, அந்த எடத்துல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு, கம்பிய ஒரு தட்டு தட்டுனா பிரிஞ்சிடும், மேல ஒரு கொக்கி வெச்சா முடிஞ்சது. டம்ளருக்கு வாய் வேணும், வாய் இருக்குற எடத்துலதான் கம்பியே ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால அடியத் தட்டையாக்கி, அடில இன்னொரு கம்பிய ஒரு சொட்டு சூடு கண்ணாடியால ஒட்டி, அந்தப் பக்கம் பிரிச்சு, இந்தப் பக்கம் மாத்தணும். அந்தக் கம்பிக்கு பன்ட்டின்னு பேரு. அந்த ஒட்டு ரொம்ப சூடா இருந்தா அப்புறம் பிரியாது, ஆறிப்போனா பிடிக்காது. எனக்கு முதல் டம்ளர் அந்த மாத்துற நேரத்துலதான் போச்சு. நான் நெருப்புல காட்டுறத கொஞ்சம் தாமதிச்சுட்டேன், ஒட்டு ஆறிடுச்சு, சுத்திக்கிட்டு இருக்குறப்பவே டக்குனு ஒரு சத்தம், தரைல விழுந்து செதறிடுச்சு. அரை மணி நேர வேலை. அழுகை வந்துடுச்சு. இன்ஸ்ட்ரக்டர் ஒரு வார்த்தை பேசாம புதுக் கம்பி எடுத்து என் கைல குடுத்தார். உங்களுக்கும் விழலாம், விழுந்தா திரும்ப செய்ய நேரம் இருக்கான்னு புக் பண்றப்பவே கேட்டு வெச்சுக்கோங்க, சில எடத்துல இலவசமா திரும்ப செய்ய விடுவாங்க, சில எடத்துல அந்த ஸ்லாட் அவ்ளோதான்.

செஞ்சு முடிச்சதும் கைல வாங்கிட்டு வீட்டுக்குப் போக முடியாது, இது தெரியாம அன்னிக்கே கிஃப்ட் குடுக்கணும்னு வர்றவங்க இருக்காங்க. பீஸ் நேரா அனீலருக்குப் போகும், தடிமன் பொறுத்து பன்னெண்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ கொஞ்சம் கொஞ்சமா சூடு எறங்கும். வெளிய வெச்சு ஆற விட்டா வெளிப்பக்கம் முதல்ல இறுகிடும், உள்பக்கம் இன்னும் சுருங்கப் பாக்கும், ரெண்டும் ஒன்ன ஒன்னு இழுத்துக்கிட்டே இருக்கும், என்னிக்கோ ஒரு நாள் தானா விரிசல் விடும். இந்த இழுப்ப கண்ணால பாக்கணும்னா பட்டறைல ப்ரின்ஸ் ரூபர்ட் துளி செஞ்சு காட்டச் சொல்லிக் கேளுங்க, சூடு கண்ணாடிய ஒரு சொட்டு தண்ணி வாளில விடுவாங்க, தலப்பிரட்டை மாதிரி வரும், தலைல சுத்தியலால அடிச்சாலும் தாங்கும், வாலை லேசா ஒடைச்சா மொத்தமும் தூளாயிடும். கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டுதான் பாக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு எடுக்கப் போறப்ப அவசரமாப் போகாதீங்க, ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. அடில பன்ட்டி ஒட்டுன தழும்பு இருக்கும், கூர்மையா இருந்தா தேய்ச்சுத் தரச் சொல்லுங்க. கொஞ்சம் கோணலாவும் இருக்கும், எந்த நொடில உங்க கை நின்னுச்சுன்னு அந்தக் கோணலே காட்டும், அடுத்த தடவைக்கு அதான் பாடம். வீட்டுல டிஷ்வாஷர்ல போடாதீங்க, கையால வெதுவெதுப்புத் தண்ணில கழுவுங்க. சூடா எதுவும் ஊத்தாதீங்க, இது லேப்ல இருக்குற சூடு தாங்குற கண்ணாடி கிடையாது, சாதா சோடா கண்ணாடி, கொதிக்கக் கொதிக்க ஊத்துனா விரிசல் விட்டுடும்.

நான் ரெண்டாவது தடவ செஞ்ச டம்ளர அம்மா ஊருக்கு எடுத்துட்டுப் போனாங்க. உள்ள சாக்ஸ் திணிச்சு, மேல காட்டன் துண்டு சுத்தி, பெட்டில துணிக்கு நடுவுல ஓரம் எதுவும் படாம வெச்சு அனுப்புனேன், மதுரை வரைக்கும் பத்திரமாப் போச்சு. காபி ஊத்தக் கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சு சொன்னதால அதுல இப்ப மத்தியானம் மோர் குடிக்கிறாங்க.